மாடியிலிருந்து வந்த சிரிப்பு

கடைசி நிறுத்தத்தில் பேருந்தைத் திருப்பி நிறுத்திவிட்டால் அவளுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு. ஓட்டுநர் இருக்கையிலேயே காலை நீட்டிக்கொண்டு, கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துத் தின்பாள். எதிரே மருந்துக்கடை. புதன்கிழமைகளில் அதன் மாடி ஜன்னல்கள் திறந்திருக்கும். நான்கைந்து தலைகள் குனிந்தபடி தெரியும். பேச்சுமூச்சு இருக்காது. திடீரென்று எல்லாத் தலைகளும் நிமிரும். குபீரென்று ஒரு சிரிப்பு கிளம்பித் தெருவரைக்கும் வரும். பிறகு மறுபடியும் குனிந்துவிடுவார்கள்.

அப்படி என்னதான் சிரிப்பு என்று அவளுக்கு மண்டை காய்ந்தது. சீட்டாட்டமாக இருக்கும் என்றார் நடத்துநர். சீட்டாடுகிறவர்கள் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? ஒரு புதன்கிழமை பொறுக்கமாட்டாமல் படியேறிவிட்டாள்.

மேலே ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சீருடையோடு வாசலில் நின்றவளைப் பார்த்து, அந்தக் குழுவை நடத்தும் பல் டாக்டரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"யாராவது பஸ்ஸுல எதையாவது விட்டுட்டாங்களா?"

"இல்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சும்மா பாக்கறவங்களுக்கு இங்க நாற்காலி இல்ல. தைக்கறவங்களுக்குத்தான். உக்காருங்க."

கையில் ஒரு வளையத்தையும் ஊசியையும் திணித்துவிட்டார். வளையத்துக்குள் துணி மேளம் மாதிரி விறைப்பாக இருந்தது. எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு மீனைத் தைத்துக்கொண்டிருந்த செருப்புக்கடைக்காரர், அதெல்லாம் சொன்னால் புரியாது, தானாகத் தெரியவரும் என்றார்.

வீட்டில் நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சட்டைப் பொத்தான் அறுந்தா என்கிட்ட ஓடி வருவீங்களே அண்ணி, நீங்களா தைக்கப் போறீங்க?"

ஆனால் அவள் விடவில்லை. புதன்கிழமை ஓய்வு நேரமெல்லாம் மாடியில்தான். முதலில் ஒரு கோடு, அப்புறம் ஒரு காம்பு, அப்புறம் இலை. நூல் மேலே தெரிவது கொஞ்சம், அடியில் அது போகிற வழியே தனி என்பது அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. யார் எதைத் தைத்தாலும் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மீனின் அடிப்பக்கத்தில் நூல் வாலிலிருந்து கண்ணுக்கு ஒரே தாவாகத் தாவியிருந்தது. ஏன் சுற்றிப் போகவில்லை என்று கேட்டாள். சோம்பேறித்தனம்தான் என்று செருப்புக்கடைக்காரர் ஒப்புக்கொண்டார். நடுவில் சிரிப்புக் கிளம்பினாலும் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை; வந்த காரணமே அவளுக்கு மறந்துபோயிற்று.

ஒருநாள் இலையில் மூழ்கியிருந்தபோது கீழிருந்து நடத்துநரின் விசில் கேட்டது. அடித்துப்பிடித்து எழுந்தாள். வளையமும் கூடவே எழுந்து, அவள் தொடையில் தொங்கியது. இலையைச் சீருடைக் கால்சட்டையோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள்.

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. குபீரென்று கிளம்பிற்று சிரிப்பு.

டாக்டரம்மா சின்னக் கத்தரியோடு குனிந்தார். "அசையாதீங்க. வலிக்காது."

"இதுக்குத்தானா?" என்றாள் அவள்.

"இதுக்குத்தான். மடியோட சேத்துத் தைக்காதவங்க இங்க யாரும் இல்ல. நான் போன மாசம்கூட மேசை விரிப்போட தச்சுட்டேன்."

அவளுக்கு முகம் சூடாயிற்று. அடுத்த நொடி அவளும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். பாதி இலை போயிற்று. கால்சட்டையில் நூல் பிசிறு ஒட்டியிருக்க, தடதடவென்று இறங்கி ஓடினாள்.

வண்டியை எடுக்கப் போகும்போது ஒரு அம்மா மூச்சிரைக்க ஏறினார். தோளில் துணிப்பை, அதில் சிறகு விரித்த ஒரு நீலப் பறவை. சிறகு எங்கும் ஒரு முடிச்சுகூடத் தெரியவில்லை. ஓட்டுநருக்குக் கை பரபரத்தது.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பையை ஒரு தடவை உள்பக்கமா திருப்பிக் காட்டுவீங்களா?"

அந்த அம்மா திகைத்துப் போனார். பிறகு, பையிலிருந்த வெங்காயத்தையெல்லாம் மடியில் கொட்டிக்கொண்டு, பையைத் திருப்பி நீட்டினார்.