அல்பிரட்டின் லூலா

ரோலர் மெசின் அல்பிரட்டின் இடது கையைப் பிடித்தது 2006 கார்த்திகையில். தெரணியகலைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தின் ரப்பர் ஸ்டோரில், உறைந்த ரப்பர் பாலைத் தகடாக அழுத்தி எடுக்கும் வேலை அவருக்கு. பதினெட்டு வருஷமாகச் செய்த வேலை. அன்றைக்கு ஒரு துண்டு கோணலாக உள்ளே போனது. அதை நேராக்கக் கையை நீட்டினார், அவ்வளவுதான். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் பிழைத்தன. ஆனால் பெருவிரல் மரக்கட்டை மாதிரி விறைத்துப் போயிற்று.

விரலை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்து அனுப்பினார்கள். அல்பிரட் அதை ஒரு நாள் அமுக்கிப் பார்த்துவிட்டு அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டார். ஆயுள் முழுக்க ரப்பரோடு மல்லுக்கட்டியாயிற்று, இனி இது வேறா என்று எரிச்சல். அதன்பிறகு வெளியே போனால் இடது கையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டுதான் போவார். மாதா கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். மனைவி லூர்தம்மா விடிந்ததும் பால் வெட்டப் போய்விட, லயத்து வரிசையில் இருந்த தங்கள் ஒற்றை அறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

மகள் ரோஷானி கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு இருந்தாள். சித்திரை லீவில் வந்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகள் புதுசு வாங்கியதும் ஒதுக்கிப் போட்ட ஒரு கையடக்க கேம் பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலத்தில் திரை. இடப்பக்கம் திசைப் பொத்தான், வலப்பக்கம் இரண்டு பொத்தான்.

"அப்பா, இதுல எடது பெருவெரல் இல்லாம ஒரு அடி நகர முடியாது. அதான் கொண்டாந்தேன்."

"சின்னப் புள்ளைங்க சாமான். எனக்கென்னத்துக்கு?"

"சும்மா ஒருக்கா பாருங்க. மொதல்ல மூணு பிராணியில ஒண்ண எடுக்கணும். நெருப்புப் பல்லி, எலைக்குட்டி, தண்ணி மீனு. எல்லாரும் நெருப்பத்தான் எடுப்பாங்க."

"லயத்துல இருந்துக்கிட்டு நெருப்ப வளக்கச் சொல்றியா?" என்றார் அல்பிரட். "தண்ணியக் குடு."

அது மீசையும் தடித்த தலையுமாக, சேற்று நிறத்தில் ஒரு குட்டி. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. மீசையை மறந்துவிட்டால், சீதாவாக்கை ஆற்றில் பிடித்து விற்பார்களே, அந்த விரால் மாதிரி இருந்தது. விராலை அந்தப் பக்கத்தில் எல்லோரும் சிங்களத்தில் லூலா என்றுதான் சொல்வார்கள். பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது பெட்டி. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, விறைத்த விரலோடு போராடி, நான்கு ஆங்கில எழுத்தில் லூலா என்று எழுதி முடிக்க அவருக்குக் கால்மணி நேரம் பிடித்தது. நெற்றி வியர்த்திருந்தது. ரோஷானி உதவப் போகவில்லை.

அவள் கொழும்புக்குத் திரும்பிய பின்னும் பெட்டி கீழே வைக்கப்படவில்லை. காட்டில் நடந்தால் எதிரே ஒரு பிராணி வரும், அதைப் பிடித்தும் வளர்க்கலாம். நீ ஒரு அடி, அது ஒரு அடி. அவசரமே இல்லை. உன் முறை வரும்வரை அது காத்திருக்கும். இந்தப் பொறுமை அல்பிரட்டுக்குப் பிடித்திருந்தது. மெசின் காத்திருக்கவில்லையே. ஆங்கிலம் முக்கால்வாசி விளங்காவிட்டாலும், எந்த அடிக்கு எவ்வளவு உயிர் குறைகிறது என்று பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டார். நெருப்பைத் தண்ணீர் அணைக்கும், தண்ணீரை இலை குடித்துவிடும், மின்னலுக்குத் தண்ணீர் தாங்காது. தோட்டத்து ஆளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெல்ல வெல்ல லூலாவின் லெவல் ஏறியது. இருபத்தெட்டாவது லெவலில் ஒரு களேபரம் நடந்தது. சண்டை முடிந்ததும் திரை இருண்டு, லூலா வெள்ளையாகி, உடம்பு விரிந்து சுருங்கித் துடித்தது. பெட்டி வெடிக்கப் போகிறது என்று பதறி, கையில் பட்ட பொத்தானை அமுக்கினார். துடிப்பு நின்றது. பழைய லூலாவே மீசையோடு நின்றது. "அப்பாடா" என்றார். அடுத்த லெவலிலும் அதே கூத்து. அப்போதும் அமுக்கினார். இப்படி ஒன்பது தடவை.

முப்பத்தாறாவது லெவலில் லூலா புதிதாக ஒன்றைக் கற்றது. சேற்றுக்குள் புகுந்து மறைந்துவிடும். அந்த முறை எதிரியின் அடி படாது. வெளியே வரும்போது இழந்த உயிரில் பாதி திரும்பியிருக்கும்.

இதற்கிடையில் பெட்டிக்கு சார்ஜ் ஏற்றும் வயர் அறுந்துபோனது. துவாயைச் சுற்றிக்கொண்டு தெரணியகலை டவுனில் போன் திருத்தும் முக்தாரின் கடைக்குப் போனார். முக்தாருக்கு முப்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். வயரைச் சரிசெய்து, பெட்டியைத் திறந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அல்பிரட் அண்ணே, இது யாருட விளையாட்டு?"

"என்னோடதுதான். ஏன், ஒடஞ்சிருச்சா?"

"ஒடயல்ல. இந்த மீன் இருபத்தெட்டுல உருமாறி ஈக்கணுமே. எப்புடி இன்னும் குட்டியாவே வச்சிருக்கிங்க?"

அல்பிரட் துடித்த கதையைச் சொன்னார். முக்தார் மேசையில் தட்டிச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கினான். பெரிதாகிவிட்ட மீனுக்கு அந்தச் சேற்று வித்தை வராது. குட்டியாகவே முப்பத்தாறு வரை வைத்திருந்தால்தான் படிக்கும். ஒரு தடவை படித்ததை உருமாறினாலும் மறக்காது. அவ்வளவு நாள் பொறுத்திருக்க யாருக்கும் மனம் வருவதில்லை. "நானே விட்டுட்டன் அண்ணே" என்று மேசை லாச்சியைத் திறந்து தன்னுடைய பெட்டியை எடுத்துக் காட்டினான்.

"இனி அடுத்த தடவ அமுக்காதீங்க. விடுங்க."

அன்று மாலையே முப்பத்தேழாவது லெவல் வந்தது. லூலா துடிக்கத் தொடங்கியபோது அல்பிரட் இரண்டு கையையும் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெளிச்சம் அடங்கியதும் எழுந்து நின்றது பாறை போன்ற தலையும் அகன்ற வாயுமாக வேறொரு பிராணி. அந்தச் சின்ன மீசை இனி வராது. ஆனால் மேலே பெயர் லூலா என்றேதான் இருந்தது.

"என்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்று லூர்தம்மா கேட்டார்.

"லூலா பெருசாயிருச்சு."

"பொட்டப்புள்ள பெரியவளான மாதிரி சொல்றீங்களே!"

பெரிய லூலா தண்ணீரும் சேறும் கலந்த சாதி. மின்னல் அதன் உடம்பில் இறங்கி மண்ணோடு போய்விடும். ஆனால் இலையடி மட்டும் இரட்டிப்பாக விழும். வாரத்தில் இரண்டு நாள் முக்தாரின் கடையில் இரண்டு பெட்டிகளையும் வயரால் இணைத்து மோதினார்கள். முதலில் முக்தார் வென்றான். பிறகு மாறி மாறி. ஆவணியில் அல்பிரட்தான் அதிகம் வென்றார். விரல் வளைய ஆரம்பித்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. கழுவிய பாத்திரத்தை அவர் இடது கையால் தூக்கி வைத்ததைப் பார்த்த லூர்தம்மாதான் சிலுவை போட்டுக்கொண்டார்.

இரத்தினபுரியில் ஒரு சீடிக் கடைக்காரர் போட்டி வைக்கிறார் என்ற செய்தியைக் கொண்டுவந்ததும் முக்தார்தான். ஆளுக்கு மூன்று பிராணி, எல்லாம் ஐம்பதாவது லெவல், பதினாறு பேர். அன்றைக்கு முக்தாருக்குக் குடும்பக் கல்யாணம். "நீங்க போங்க அண்ணே" என்று பெயரையும் கொடுத்துவிட்டான். தனியாக அனுப்ப லூர்தம்மாவுக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல், பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு கூடவே பஸ் ஏறினார்.

கடையில் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பெயர் எழுதியவன் அல்பிரட்டை நிமிர்ந்து பார்த்தான்.

"ளமயா கோ, அங்கிள்?" பிள்ளை எங்கே என்று கேட்கிறான்.

"மம தமய்" என்றார் அல்பிரட். நான்தான்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது சூடானது. மேசையில் உட்கார்ந்தார். விளையாட வேண்டுமென்றால் துவாயை அவிழ்க்கவேண்டும். முக்தாரின் முன்னால் அவிழ்த்துப் பழகியதால், அதை இவ்வளவு நேரம் அவர் யோசிக்கவே இல்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த லூர்தம்மா எழுந்து வந்து, துவாயை அவிழ்த்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எதிரே இருந்த பையன் கையைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். அவனிடம் நெருப்புப் பிராணி. லூலா மூன்றே அடியில் அணைத்துவிட்டது. அடுத்தவனிடம் மின்னல் கீரி. அவன் நம்பிக்கையோடு இடியை இறக்க, அது மண்ணோடு போனது. அவன் வாய் பிளந்தான். அரையிறுதியில் இரண்டு பிராணியை இழந்தபின் லூலா தனியாக நின்று, சேற்றில் புகுந்து புகுந்து எழுந்து வென்றது. இப்போது சிரித்தவர்கள் எல்லோரும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

இறுதியில் எதிரே வந்து உட்கார்ந்தவள் நெத்மி என்ற பதினைந்து வயதுப் பெண். கையைப் பார்த்து, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டாள்: "வலிக்கிறதா, அங்கிள்?"

"இப்போது இல்லை மகள்" என்றார் அவரும் சிங்களத்தில்.

இரக்கம் அந்தக் கேள்வியோடு சரி. ஆட்டத்தில் அவள் ஒரு துளியும் காட்டவில்லை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விழுந்தன. கடைசியாக அவள் இறக்கியது இலைமான். ஓர் அடியிலேயே லூலாவின் உயிர் கால்வாசிக்கு இறங்கியது. அல்பிரட் சேற்றில் புகுந்தார். மானின் அடி வெறுமையில் விழுந்தது, லூலா பாதிக்கு மேல் உயிரோடு வந்தது. மறுபடி புகுந்தார். இந்தமுறை நெத்மி அடிக்கவில்லை. லூலா உள்ளே இருந்த நேரத்தில் மான் அடுத்த அடியைப் பெரிதாக்க வெயிலை உடம்பில் சேர்த்துக்கொண்டது. கெட்டிக்காரி. இன்னொரு தடவை ஒளிந்தால் அது இன்னும் சேர்க்கும் என்று அல்பிரட்டுக்கு விளங்கிவிட்டது.

ஒளியவில்லை. பெரிய அலையை அடித்தார். மானின் உயிர் இறங்கி, இறங்கி, மயிரிழை அளவில் நின்றுவிட்டது.

"ஐயோ, இன்னும் கொஞ்சந்தானே!" என்று வாசலில் இருந்து ஒரு குரல். லூர்தம்மா ஸ்டூலின் மேல் ஏறி நின்றிருந்தார்.

மான் திருப்பி அடித்தது. லூலா விழுந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். நெத்மி எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். "அங்கிள், இந்த மீனுக்கு எப்படிச் சேற்று வித்தை வந்தது? என்னுடையது இருபத்தெட்டிலேயே மாறிவிட்டதே. அவ்வளவு பொறுமையா உங்களுக்கு?"

பொறுமை என்று சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். அல்பிரட் உண்மையைச் சொன்னார். "பொறுமை இல்லை மகள். பயம். பெட்டி வெடிக்கப் போகிறது என்று நினைத்து ஒன்பது தடவை அமுக்கினேன்."

கடையே சிரித்தது. அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்று விரல் கை எல்லோருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது. அதைக் கீழே இறக்கவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. இரண்டாம் பரிசாகக் கிடைத்த டீசேட் அவர் வயிற்றுக்குப் பத்தவில்லை. ரோஷானி அதைப் பிறகு போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவர் ஸ்டோர் ஐயாவின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, ரோலர் பக்கம் இனி நான் போகமாட்டேங்க. பால் நிறுக்கிற எடத்துல ஒரு ஆளு வேணும்னு கேள்விப்பட்டேன்."

"வாளியப் புடிக்க முடியுமா அல்பிரட்?"

மூலையில் இருந்த நிறைவாளியை இடது கையால் தூக்கி, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, சொட்டுச் சிந்தாமல் இறக்கி வைத்தார். ஐயா கையையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாளைக்கே வரச் சொன்னார். முதல் இரண்டு நாள் பால் கொண்டுவந்த பெண்கள் அந்தக் கையைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் தங்கள் வாளியை முதலில் நிறுக்கவேண்டும் என்ற சண்டையில் அது மறந்துபோயிற்று.

மார்கழியில் வரக்காப்பொலையில் இன்னொரு போட்டி. இந்தத் தடவை முக்தாரும் வந்தான். இலைமான் வந்தால் எரிக்கவென்று அல்பிரட் ஒரு நெருப்புக் குருவியையும் வளர்த்துக்கொண்டு போனார். இலைமான் வரவே இல்லை. ஒரு பனிக்கரடி வந்தது. லூலா முதல் சுற்றிலேயே விழுந்தது.

"கவலப்படாதிங்க அண்ணே" என்றான் முக்தார். அவனும் அதே சுற்றில் தோற்றிருந்தான்.

"கவலயா? அந்தக் கரடி எங்க கெடைக்குதுன்னு கேட்டியா நீ?"

கேட்கவில்லை என்றான். அல்பிரட் திரும்பி உள்ளே போய், தன்னைத் தோற்கடித்த பையனைத் தேடிப் பிடித்து விசாரித்துக்கொண்டு வந்தார். பிறகு லூர்தம்மாவுக்கு ஒரு பொதி எள்ளுருண்டை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை முக்தாருக்கு விட்டுக்கொடுத்து, ஊர் வரும்வரை கரடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.