நான்கு சிலிண்டர், ஒரு குளியலறை

"ஒரு சொம்பாவது மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா?" என்று அன்று காலை என் கணவர் குளியலறைக்குள்ளிருந்து கத்தினார். தினமும் கத்துவதுதான். எங்கள் வீட்டு ஹீட்டரில் வெந்நீர் மூன்று பேருக்குத்தான் வரும். அவர் நான்காவது ஆள்.

"பச்சத் தண்ணி உடம்புக்கு நல்லதுங்க," என்று சமையலறையிலிருந்து சொன்னேன். அதுவும் தினமும் சொல்வதுதான்.

தலையைத் துவட்டிக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு, லாரி எஞ்சினுக்குப் புது டேப்பட் வாங்க உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் பொட்டலம் கட்டி முடிப்பதற்குள், இவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். சாயங்காலம் அவரையும் கொண்டுவந்தார்கள், பொட்டலத்தையும் கொண்டுவந்தார்கள்.

பொட்டலத்தை மூன்று வாரம் யாரும் பிரிக்கவில்லை. ஆனால் எஞ்சினைப் பார்க்காமல் இருக்க முடியாது. அது கூடத்தின் நட்டநடுவில், பழைய இரும்புக் கட்டில் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். ஒருவர் அதன்மேல் காபி டம்ளரை வைத்துவிட்டு அழுதார்.

எங்கள் லாரி சின்னது, பழையது. நான்கு சிலிண்டர், எட்டு டேப்பட். டேப்பட் என்பது கட்டைவிரல் நீள இரும்புத் துண்டு. கேம்ஷாஃப்ட் என்ற தண்டு சுற்றும்போது அதிலுள்ள மேடு இதைத் தூக்கும், இது வால்வைத் திறக்கும். எட்டில் ஒன்று மக்கர் செய்து, தானும் தேய்ந்து, கேம்ஷாஃப்ட்டையும் தேய்த்துவிட்டது. அந்த இரும்புத் தூள் எண்ணெயோடு கலந்து எஞ்சின் முழுக்க ஊர்வலம் போய் வந்தது.

"மெக்கானிக்கிட்ட விடுங்களேன்," என்றேன் அப்போது.

"என் வண்டிய இன்னொருத்தன் தொடறதா?"

மறுநாள் எஞ்சின் கூடத்துக்கு வந்தது, சோபா மொட்டை மாடிக்குப் போனது.

அவர் எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, நான்கு சிலிண்டருக்குமான பாகங்களை நான்கு தகர ட்ரேயில் பிரித்து வைத்திருந்தார். பேரிங்குகளை அதனதன் இடத்துக்கு ஏற்றபடி மை தடவிப் பார்த்து, சுரண்டிச் சுரண்டிப் பொருத்தியிருந்தார். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. ஒவ்வொரு ட்ரேயிலும் ஒரு காகிதச் சீட்டு. அதில் ஒன்று, இரண்டு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? கேட்டதற்கு, "நம்பர் மறந்துடும், ஆளு மறக்காது," என்றார். சீட்டில் இருந்தவை இவை: அவசரம். சண்டை. பாட்டு. மிச்சம்.

மூன்றாம் வாரக் கடைசியில் மரச்சாமான் கடைக்காரர் வந்தார். அவர் கடைக் கட்டில், பீரோவெல்லாம் எங்கள் லாரியில்தான் போகும்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அடுத்த திங்கக்கிழம காலையில வண்டி என் கேட்டுல நிக்கணும். இல்லேன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

அவர் போனதும் கொழுந்தன், "அண்ணி, பழைய இரும்புக்குப் போட்டுடலாம்," என்றான். பிஸ்கட் கம்பெனியில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எஞ்சின் வேலையில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணனுக்கு டார்ச் பிடித்தபோது பார்த்ததுதான்.

"ஒரு வாரம் இருக்கே தம்பி," என்றேன். "வண்டி நின்னா நானும் நிக்க வேண்டியதுதான்." லைசென்ஸ் எனக்கும் இருந்தது. இத்தனை வருஷமும் ஓட்டியது அவர், பக்கத்து சீட்டிலிருந்து திட்டியது நான்.

எங்களோடு இருக்கும் நாத்தனார், அவருடைய அக்கா, தையல்காரி. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றாமலே எஞ்சின் முன்னால் வந்து உட்கார்ந்தார். "சீட்டுல இருக்கறது நாமதான். அவன் பட்டப்பேர் வைக்காம எதைத்தான் விட்டான்? வயசு வரிசையில மாட்டு. ரேடியேட்டர் பக்கம் மொதல் சிலிண்டர் நான்."

"நீங்க எந்தச் சீட்டுக்கா?"

"பாட்டுதான். ஸ்கூல்ல பரிசு வாங்கினவ நான்."

"அப்ப சண்டை யாரு?" என்று கொழுந்தன் கேட்டான்.

"இவதான். புருஷன்கூட வாய் ஓஞ்சு பாத்திருக்கியா?"

"நான் சண்டையா?"

"இதோ, ஆரம்பிச்சுட்டா பாரு."

அவசரம் யாரென்பதில் விவாதமே இல்லை. கொழுந்தன் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டான். மிச்சம் என்றால் மிச்சமிருக்கும் கடைசி சிலிண்டர் என்று முடிவு செய்தோம். பாட்டு, சண்டை, அவசரம், மிச்சம் என்ற வரிசையில் பிஸ்டன்களை இறக்கி, பேரிங் வைத்து முறுக்கினோம். அக்காவின் விரல்கள் பிஸ்டன் வளையங்களைப் பொத்தான் மாட்டுவது போல மாட்டின.

அடுத்தது, பிஸ்டன்களெல்லாம் சேர்ந்திருக்கும் கிராங்க் தண்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை. நீள இரும்புக் குழாயை மாட்டி கொழுந்தன் தொங்கினான். நானும் தொங்கினேன். அக்கா ஸ்டூல் மேல் ஏறி, குழாயின் நுனியில் உட்கார்ந்தே விட்டார். கட்டில் சட்டம்தான் அரை அடி நகர்ந்தது.

"வேண்டாம்க்கா, எறங்குங்க. அவர் செதுக்கி வெச்ச பேரிங் போயிடும்," என்றேன். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து எண்ணெய்க் கையோடு பிஸ்கட் தின்றோம். நான்கு ட்ரேயை இருபத்துநான்கு விதமாக மாட்டலாம் என்று கொழுந்தன் கணக்குப் போட்டுச் சொன்னான். அக்கா அவனுடைய பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, வழக்கம்போல் கொழுந்தன் குளித்துவிட்டு ஓடி வந்தான். அக்கா உள்ளே போய், கதவு வழியாக அவனைத் திட்ட ஆரம்பித்தார். "சோப்பத் தண்ணியில ஊறப் போட்டுட்டுப் போயிருக்கான் பாரு! துணிய யாரு அலசுவா? டேய், காதுல விழுதா?" அப்புறம் என் முறை. குளித்துவிட்டு வெளியே வந்தால், கதவருகிலேயே அக்கா நிற்கிறார்.

"ஏம்மா, உள்ள ஒரு சத்தத்தையும் காணோம். வழுக்கி விழுந்துட்டியோன்னு மூணு வாரமா தெனமும் இங்க வந்து நிக்கறேன். முன்னெல்லாம் தெருமுனை வரைக்கும் கேக்கும்."

"எது கேக்கும்?"

"உன் பாட்டுதான். வேற எது?"

நான் பாடுவேன் என்பது எனக்குத் தெரியும். வெளியே கேட்கும் என்பது தெரியாது. தண்ணீர் விழும் சத்தத்தில் அமுங்கிவிடும் என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன்.

சட்டைக்குள் தலையை நுழைத்தபடியே கொழுந்தன், "அண்ணன் துண்டோட வெளியில உக்காந்து கேப்பாரு அண்ணி," என்றான். "வெந்நீர் தீந்துடும், கதவத் தட்டுண்ணான்னு சொன்னா, சும்மா இருடா, சரணம் வருதும்பாரு."

ஈரத் தலையோடு அங்கேயே நின்றேன். குளிக்க முதலில் போவது அவசரம். அடுத்தது சண்டை. மூன்றாவது பாட்டு. எல்லோரும் முடித்தபின், மிச்சம் இருந்தால் குளிக்கிற ஆள் கடைசி.

"தம்பி, இன்னைக்கு லீவு போடு," என்றேன். "ஒண்ணு நீ, மூணு நான். மாத்தி மாட்டிட்டோம்."

"அப்ப சண்டை நானா?" என்றார் அக்கா.

கொழுந்தன் ஸ்பேனரைத் தேடப் போனான்.

மத்தியானத்துக்குள் இரண்டையும் இடம் மாற்றினோம். கிராங்கை ஒரே கையால் சுற்றினேன். சுற்றியது. பொட்டலத்தைப் பிரித்து எட்டு டேப்பட்டையும், அவர் முன்பே வாங்கி வைத்திருந்த கேம்ஷாஃப்ட்டையும் மாட்டினோம். சனிக்கிழமை வாடகைக்குச் சங்கிலிக் கப்பி எடுத்து, எஞ்சினை லாரிக்குள் இறக்கினோம். கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டது.

கட்டில் இருந்த இடத்துக்கு நேர் எதிரே, சுவரில் அவர் சாக்பீஸால் எழுதியிருந்தார்: "முதல் தடவை ஸ்டார்ட் ஆனதும் இருபது நிமிஷம் நிறுத்தக் கூடாது. ஆக்சிலரேட்டரை விடக் கூடாது." நிறுத்தினால் புது டேப்பட்டும் பழையதன் வழியிலேயே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாவது முயற்சியில், லாரி இருமிக்கொண்டு எழுந்தது. தெருவே புகை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரைக் காலால் அழுத்திப் பிடித்தேன். ரேடியேட்டர் ஒழுகியது. கொழுந்தன் முன்னால் நின்று ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தான்.

எட்டாவது நிமிஷம் எதிர்வீட்டுக்காரர் வந்தார். "என்னம்மா இது, மனுஷன் குடியிருக்கறதா வேண்டாமா? நிறுத்தும்மா!"

அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு அவரை நோக்கி நடந்தார். போன வருஷம் அந்த ஆள் தைக்கக் கொடுத்த பேன்ட்டிலிருந்து சண்டையை ஆரம்பித்தார்.

பதினோராவது நிமிஷம் கொழுந்தன் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். "அண்ணி, அவசரம்."

"பைப்பக் கீழ போட்டா கொன்னுடுவேன்!"

"தண்ணிச் சத்தம் வேற கேக்குதே அண்ணி!"

என் கையில் கடிகாரம் இல்லை, அதுவரை நிமிஷம் எண்ணிச் சொன்னவனும் கணக்கை விட்டுவிட்டான். ஒரு பாட்டு நான்கு நிமிஷம் வரும், இன்னும் மூன்று பாட்டு தாங்கினால் போதும் என்று பாட ஆரம்பித்தேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்றுதான் நினைத்தேன். எதிர்வீட்டுக்காரர் அக்காவை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் காலை எடுத்தேன். கொழுந்தன் பைப்பை எறிந்துவிட்டு ஓடினான். லாரி தானாகவே, சீராக, ஒரு டிக் சத்தம்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்தோம். அவசரம் குளித்தான், சண்டை குளித்தார், நான் குளித்தேன். வெளியே வருமுன், பழக்கத்தில், மிச்சம் இருக்கிறதா என்று வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தேன்.

பச்சைத் தண்ணீர்தான் வந்தது.