மூன்றாவது அருவியில் சொன்னது

முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற இளவட்டங்கள் தங்கும் விடுதி அது. அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டை விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருந்த அறுபது வயதுக்காரி அங்கே ஒரே ஒருத்திதான்: அத்தை. பள்ளிக்கூடச் சீருடை தைத்தே பாதி ஆயுசைக் கழித்தவர். முட்டி மடங்குகிற காலத்திலேயே நாலு இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று மருமகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். வந்த மறுநாளே அந்த அறையிலிருந்த பிள்ளைகளின் பிய்ந்துபோன பை வார்களையெல்லாம் பிடுங்கித் தைத்துக் கொடுத்தாயிற்று.

"இதெல்லாம் ஒரு தையலா? சாக்கு மூட்டை தைக்கிறவன் இதவிட ஒழுங்காத் தைப்பான்!" என்று திட்டிக்கொண்டேதான் தைத்தார். பிள்ளைகள் திட்டையும் வாங்கிக்கொண்டு சிரித்தார்கள்.

மருமகளும் ஊசிக்காரிதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். குத்தினதே தெரியவில்லை என்று பெயர் வாங்கியவள். அப்பேர்ப்பட்ட கைக்காரிக்கு, அத்தையிடம் ஒரே ஒரு பேச்சு பேச வாய் வரவில்லை.

அத்தையின் ஒரே மகன்தான் அவளுடைய புருஷன். மூளைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அவளைப் பெற்றவர்கள் வந்து கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. அத்தையும் போ என்று சொல்லவில்லை. மாமியார் மருமகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். இந்த இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள். இப்போது, பரிசோதனைக் கூடத்துக்கு மேல்மாடியில் பல்செட் செய்கிறவர், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டிருந்தார். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். நாளைக்குச் சாயங்காலம் இவர்கள் வீடு திரும்பியதும் அவர் தன் அம்மாவோடு வருவதாக ஏற்பாடு.

"அதுக்குள்ள அவங்ககிட்ட சொல்லிடு" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆக, இன்றைக்கு விட்டால் நாளில்லை. சொன்னால் அத்தை தடுக்க மாட்டார், அது அவளுக்குத் தெரியும். ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டால்? இந்த நாலு வருஷமாக அவளுக்கென்று இருந்த மனுஷி இவர்தானே. அந்தப் பயத்தில்தான் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

அன்றைக்குப் போனது பேர்போன அருவிகளுக்கு. ஒரே பாதையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று. வேன் வேனாகக் கூட்டம் வந்து இறங்கியது. வழிகாட்டி தொப்பையும் விசிலுமாக முன்னால் நடந்தார். மரவேர்களே படிக்கட்டாக இருந்தன. கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும்.

"அம்மாவும் பொண்ணும் கையப் பிடிச்சுக்குங்க!" என்றார் வழிகாட்டி.

"பொண்ணு இல்லய்யா, மருமக" என்றார் அத்தை, சட்டென்று.

முதல் அருவி ஆள் உயரம்தான். "அத்தை, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

"விஷயமெல்லாம் அப்புறம். மூச்சு வாங்குது, பேசாம வா."

அட, வசதியாகப் போயிற்று என்று அவளும் பேசாமல் நடந்தாள்.

இரண்டாவது அருவிக்கரையில் அத்தை வீலென்று கத்தினார். கணுக்காலில் அட்டைப்பூச்சி. மருமகள் பாறையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நகத்தால் ஓரத்தில் நெம்பி எடுத்தாள். ரத்தம் நிற்காமல் வழிந்தது.

"பாத்தியா, உன் வேலையத்தான் இதுவும் பாக்குது. நீயாவது பஞ்சு வச்சு விடுவே" என்றார் அத்தை.

சிரித்துக்கொண்டே கைக்குட்டையைக் கட்டிவிட்டாள். மிஷின் மிதித்து மிதித்துக் காய்ப்பேறிய கால் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மனசு கேட்கவில்லை.

மூன்றாவது அருவி அப்படியே மலையையே கவிழ்த்தது மாதிரி கொட்டியது. படமெடுக்க வரிசை நின்றது. காதில் வாய் வைத்துப் பேசினாலும் கேட்காத இரைச்சல். வழிகாட்டி மாட்டிவிட்ட லைஃப் ஜாக்கெட்டுக்குள் கழுத்து வரை புதைந்திருந்த அத்தை, சாரலில் நனைந்து குழந்தை மாதிரி சிரித்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"அத்தை, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு..."

"என்ன? கல்லா? எந்தக் கல்லு? வழுக்குதா?"

"கல்லு இல்ல, கல்யாணம்!"

"காலா? காலுக்கு என்ன?"

"ஐயோ அத்தை! கல்யாணம்! நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்!"

அடித்தொண்டையிலிருந்து கத்திவிட்டாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்ட, எல்லாருமாகக் கைதட்டினார்கள். வழிகாட்டி வேறு விசில் அடித்துத் தொலைத்தார். மானம் போயிற்று.

அத்தை மட்டும் கைதட்டவில்லை. "யாரு?" என்று உதடு அசைந்தது. "மேல்மாடி! பல்செட்காரர்!" என்று அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அத்தை தலையை ஆட்டினார். அவ்வளவுதான். திரும்பி, கயிற்றைப் பிடித்து இறங்க ஆரம்பித்தார்.

இறங்குகிற வழி நெடுக மருமகள் முன்னால் போய்ப் போய்க் கை நீட்டினாள். கை கொடுத்தால் வாங்கிக்கொண்டார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். டீயில் ஆடை படர்ந்த பிறகுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"அந்தப் பையனுக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்க."

"அவள என்னன்னு கூப்பிடுவே?"

"அத்தைன்னுதான்..." என்றவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

அத்தையின் வாய் கோணிக்கொண்டது. "நீ கல்யாணம் பண்ணிக்கோடி. நல்லா இரு. அத வேணாங்கிறதுக்கு நான் என்ன பேயா? எத்தன நாளைக்கு என் மிஷின் சத்தத்தையே கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பே? ஆனா, என்னை அம்மான்னு கூப்பிட்டவன் போயிட்டான். அத்தைன்னு கூப்பிட நீ ஒருத்திதான் மிச்சம். அதையும் அவகிட்ட குடுத்துட்டா, நான் யாருடி?"

மருமகள் உடைந்து அழுதாள். அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பதையும் மறந்து, அந்த ஈரத் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"அவங்கள மாமின்னு கூப்பிட்டுக்கிறேன். அத்தைன்னா நீங்கதான்."

"மாமின்னா கோவிச்சுக்குவா."

"கோவிச்சுக்கட்டும்!"

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அவர்தான். "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கிறேன்" என்றார் அத்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"என்ன ஆச்சு? சொல்லிட்டியா?" பல்செட்காரர் குரலே பாதி செத்திருந்தது.

"சொல்லிட்டேன். பக்கத்துலதான் இருக்காங்க. கேட்டுக்கிட்டிருக்காங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் ஒரு செருமல்.

"வணக்கம் அத்தை" என்றது ஃபோன். "அவ்வளவு தூரம் ஏறி இறங்கியிருப்பீங்களே. கால் வலிக்குதா அத்தை?"

அத்தை திடுக்கிட்டு மருமகளைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்தியா?" என்று கிசுகிசுத்தார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறவன், பெண் வீட்டிலிருக்கிற பெரிய மனுஷியை வேறு எப்படிக் கூப்பிடுவான்?

அத்தை அவசரமாக ஈரத் தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார், ஃபோனுக்குள் கண் இருக்கிறது போல.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல, மாப்பிள்ளை" என்றார். "நாளைக்கு உங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."