ரெண்டு ஹாரன், ரெண்டு டீ

என் கடைக்கு வரும் டிரைவர்கள் வாயால் டீ சொல்வதில்லை, ஹாரனால் சொல்வார்கள். உப்பள வளைவில் திரும்பும்போது ஒரு அமுக்கு அமுக்கினால் ஒரு டீ. மூன்று அமுக்கினால் மூன்று. இழுத்து அடித்தால் சர்க்கரை போடக் கூடாது. துறைமுகத்துக்குப் போகும் இந்த ரோட்டில் எவனுக்கும் பொறுமை கிடையாது. வண்டி கடை முன்னால் வந்து நிற்கும்போது கிளாஸ் தயாராக இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பால்துரை இருந்த காலத்திலேயே வந்த பழக்கம் அது. அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு கடையும் பழக்கமும் என் தலையில் விழுந்தன.

பிள்ளை குட்டி கிடையாது. முன்னால் கடை, பின்னால் ஒரு அறை, சுற்றிலும் உப்பளம். பக்கத்து வீடு என்று ஒன்று இருந்தால்தானே பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையாவது போடலாம்! எனக்கு மனிதர்கள் என்றால் இந்த டிரைவர்கள்தான். பேதியில் போவான்கள் என்று திட்டுவேன், சிரிப்பார்கள். நாமக்கல்காரன், ஆந்திராக்காரன், எல்லாருக்கும் நான் பகவதியக்கா.

அதில் ராஜபாண்டி தனி. விளாத்திகுளத்துக்காரன், நாற்பதடி ட்ரெய்லர் ஓட்டுகிறவன். தனியாகத்தான் வருவான், ஆனால் எப்போதும் ரெண்டு ஹாரன் அடிப்பான். முதல் தடவை ரெண்டு கிளாஸை நீட்டியபோது ஒன்றை என் பக்கமே தள்ளினான்.

"தனியா குடிச்சா எனக்கு எறங்காதுக்கா. நீங்களும் குடிங்க."

அதற்கப்புறம் என் காலை டீயை அவன் வரும்வரை குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிஜம்.

ரோட்டின் இடது ஓரம் சைக்கிள்காரர்களின் பாதை. உப்பளத்துக்கும் உப்பு பாக்கெட் போடும் கம்பெனிக்கும் போகிறவர்கள் காலையில் வரிசையாக வருவார்கள். அந்த ஓரத்தில்தான் என் கடை. டீக்காக நிற்கும் ட்ரெய்லர்களும் அதே ஓரத்தில்தான். சைக்கிள்கள் என் கடை வந்ததும் நடுரோட்டுக்கு வளைந்து சுற்றிப் போக வேண்டும். பின்னால் வருகிறவன் சும்மா இருப்பானா? காது கிழிய ஹாரன் அடிப்பான். தினமும் வாய்ச்சண்டை.

"ரோடு என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தாலே? ஓரத்துல போக வழி விடுங்க!" என்பான் உப்பளத்துக்காரன்.

"லைட்டும் கெடையாது, கண்ணாடியும் கெடையாது, நடுரோட்டுல ஆடி ஆடிப் போறீய. லோடு வண்டிய நெனச்ச எடத்துல நிப்பாட்ட முடியுமா?" என்பான் டிரைவர்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். "காலங்காத்தால ஏம்லே கெடந்து கத்துதிய?" என்று பொதுவாக ஒரு சத்தம் போட்டுவிட்டு நான் பாலைக் கிண்டுவேன்.

சைக்கிள்காரர்களில் முருகேஸ்வரி ஒருத்திதான் என்னைப் பார்த்துப் பெல் அடிப்பாள். பாக்கெட் கம்பெனியில் வேலை. இறங்க நேரமிருக்காது, பிந்தினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். போகிற போக்கில் கையைத் தூக்கி, "அத்தை, வாரேன்!" என்று கத்துவாள்.

"ஏளா, ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போயேன்!"

"நாளைக்கு அத்தை!"

அந்த நாளைக்கு மட்டும் வந்ததே இல்லை.

ஆவணி மாதத்தில் ஒரு காலை. கடை முன்னால் மூன்று ட்ரெய்லர்கள் நின்றன. கடைசியாக வந்து நின்றது ராஜபாண்டியின் வண்டி. நானும் அவனும் கையில் கிளாஸோடு பேசிக்கொண்டிருந்தோம். வண்டிகளுக்கு அந்தப் பக்கம் பெல் கேட்டது. மூன்று வண்டியையும் சுற்றி முருகேஸ்வரி வளைந்து வருகிறாள் என்று எனக்குத் தெரியும், பார்க்கத்தான் முடியாது. "ஏளா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். டமார் என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து வந்த ஒரு கார் சைக்கிள் ஹேண்டில்பாரை இடித்துவிட்டு நிற்காமல் பறந்தது. நாங்கள் ஓடிப் பார்க்கும்போது அவள் தார் மேல் கிடந்தாள். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது.

ராஜபாண்டிதான் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் திரும்பி வந்ததும் உப்பளத்து ஆட்கள் அவனை வளைத்துக்கொண்டு கத்தியபோது, அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்:

"நின்ன வண்டி என்னக்கா செய்யும்? இடிச்சது கார்க்காரன். நாங்க சும்மா நின்னுட்டுத்தான இருந்தோம்?"

எனக்கு வந்ததே கோபம். "வழிய மறிச்சு நிக்கதுக்குப் பேரு சும்மா நிக்கதாலே? சவத்து மூதிகளா! அவ நடுரோட்டுக்கு வந்தது ஒங்களாலதானே?" என்று கையிலிருந்த வடிகட்டியை வீசி எறிந்தேன். நல்லவேளை, யார் மேலும் படவில்லை.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முருகேஸ்வரி சிரித்தாள். நான் டிரைவர்களைத் திட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சாதாரணமாகச் சொன்னாள்:

"அவியளும் வேற எங்கன நிறுத்துவாவ அத்தை? ஒங்க கடை அங்கனதானே இருக்கு."

குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அந்தக் குணமே கிடையாது. நான் கொண்டுபோன ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டே சொன்னாள். எனக்குத்தான் குத்தியது.

"கால் சரியானதும் வருவல்ல?" என்றேன்.

"அந்த வழியில சைக்கிள எடுக்கவே பயமா இருக்கு. பஸ்ஸும் அந்த நேரத்துக்குக் கெடையாது. வேலைய விட்டுருவேன்னு நெனைக்கேன்."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அழுகையாக வந்தது. அவளுக்காக அழுதேன் என்றால் பாதிதான் உண்மை. அந்த வண்டிகள் அங்கே நிற்காமல் இருக்க வேண்டுமானால் நான் டீ கொடுக்காமல் இருக்க வேண்டும். வயிற்றுக்கு எப்படியும் கிடைத்துவிடும். ஆனால் அவன்களும் வராவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நாள் முழுக்க உப்பைப் பார்த்துக்கொண்டு, யாரைத் திட்டுவேன்? ராத்திரி படுக்கையில் நாளைக்கு இன்னின்ன பேர் வருவார்கள் என்று நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு என்ன மிச்சம்?

ஆனாலும் அவள் கால் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு பழைய பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வாசலில் கட்டினேன்: 'வண்டியை இங்கே நிறுத்துகிறவர்களுக்கு டீ கிடையாது.' துறைமுகக் கேட்டுக்குப் பக்கத்தில் லாரி யார்டு இருக்கிறது. அங்கே போட்டுவிட்டு நடந்து வரட்டும். அரை மணி நேர நடைதான்.

முதலில் சிரித்தார்கள். நாமக்கல்காரன் வழக்கம்போல நிறுத்திவிட்டுக் கையை நீட்டினான். ஊற்றின டீயை அவன் கண் முன்னாலேயே மண்ணில் கொட்டினேன். "அக்காவுக்குக் கோட்டி புடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனான். ஆந்திராக்காரனுக்குப் பலகையைப் படிக்கத் தெரியாது. கையைக் காலை ஆட்டி, சைக்கிள் மிதித்து, விழுந்து காட்டிப் புரியவைத்தேன். பாவம், அவன் பயந்தே போனான். கொஞ்ச நாளில் எல்லாரும் யார்டு கேண்டீனுக்குப் பழகிவிட்டார்கள். அந்தக் கழனித்தண்ணியைக் குடித்தாலும் குடிப்பான்கள், அரை மணி நேரம் நடக்க மாட்டான்கள். ரோட்டோரம் காலியாகிவிட்டது என்று உப்பளத்து ஆட்களிடம் முருகேஸ்வரிக்குச் சொல்லி அனுப்பினேன்.

ராஜபாண்டி மட்டும் ஒரு நாள் வந்தான். யார்டு வாட்ச்மேனின் சைக்கிளை இரவல் வாங்கி மிதித்து வந்திருந்தான். எனக்கு வந்த சந்தோஷத்தில் பாலைச் சிந்திவிட்டேன். ஆனால் அவன் கிளாஸை வாங்கும்போதும் ரோட்டையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"பின்னால வாரது எதுவும் தெரியலக்கா. வண்டி கடந்து போற காத்தே ஆளத் தள்ளுது. ஒரு பஸ்காரன் தோள உரசிட்டுப் போறான்" என்றான். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்: "நானும் இப்பிடித்தான் ஓட்டுதேனா?"

"பெறகு எப்பிடி ஓட்டுதன்னு நெனச்ச?"

இருவரும் குடித்து முடித்தோம்.

"இனி சைக்கிள்ல வரமாட்டேன்க்கா. தப்பா நெனைக்காதிய. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு."

வா என்று எந்த வாயால் சொல்வேன்? "வராதலே" என்றேன்.

"போகும்போது ரெண்டு ஹாரன் அடிச்சிட்டுப் போறேன். ரெண்டு பேரும் குடிச்சதா வச்சுக்கிடுங்க."

"அடி. ஆனா முன்னால சைக்கிள் போனா அடிச்சிராத. பதறி விழுந்துருவாவ."

சொன்ன சொல் தவறவில்லை. நிற்காமல் போனாலும் தினமும் வளைவில் ரெண்டு ஹாரன் கேட்கும். நான் ரெண்டு டீ ஊற்றுவேன். என்னுடையதைக் குடித்துவிட்டு, மற்றது ஆறும்வரை பக்கத்தில் வைத்திருப்பேன். அன்றன்றைக்கு எனக்கு வாய்க்கும் பேச்சு அநேகமாக அதுதான்.

தைப் பொங்கல் கழிந்து ஒரு காலை. ரெண்டு கிளாஸைக் கழுவி வைத்துக்கொண்டு ஹாரனுக்காக நின்றேன். பெல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் முருகேஸ்வரி! கொஞ்சம் மெலிந்திருந்தாள், ஒரு காலை மெதுவாக மிதித்தாள். ஆனால் ரோட்டோர வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஓரத்திலேயே நேராக வந்தாள். வளைவதற்கு எதுவும் நிற்கவில்லை.

"அத்தை, வாரேன்!"

"ஏளா, ஒரு வாய்..."

"நாளைக்கு அத்தை!"

போய்விட்டாள். அவளுக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி, ராஜபாண்டியின் ட்ரெய்லர் மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து வந்தது. வளைவைத் தாண்டிவிட்டான். என் கடையையும் தாண்டிவிட்டான். கண் முழுக்க முன்னால் போகும் சைக்கிள் மேலேயே இருந்தது. இந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

ஹாரன் அடிக்கவில்லை. அடிக்காதே என்று சொன்னவளே நான்தானே. அவள் இனி தினமும் இதே நேரத்துக்குத்தான் வருவாள்.

ஒரு கிளாஸை எடுத்து உள்ளே கவிழ்த்து வைத்தேன். மற்றதில் எனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டேன்.