பதினாறு ஆப்புகள்

மொட்டைமாடியில் நான்கு நாற்காலிகளும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டுவிட்டோமே என்பதுதான் மாஸ்டருக்குப் பிற்பாடு ஆறவே இல்லை. வேலை முடிந்து வருவதற்குள் கணவன் எல்லாவற்றையும் மேலே கொண்டுபோய் மாட்டி வைத்திருக்கிறான், பரவாயில்லையே, என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோனது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவள் கட்டிங் மாஸ்டர். நூறு சட்டைக்கான துணியை ஒரே அடுக்காகப் போட்டு வெட்டுகிற வேலை. தெருவிலும் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர்கூட "மாஸ்டர், வாடகை?" என்றுதான் கேட்பார். குடியிருப்பதோ இரண்டே அறை. காற்று என்று ஒன்று வேண்டுமென்றால் மாடிக்குத்தான் போக வேண்டும். போக ஓர் இரும்பு ஏணிப்படி, அதன் தலைமாட்டில் தளத்தில் சதுரமாக ஒரு திறப்பு. ஒரு ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு ஏறலாம், அவ்வளவுதான். போன மழைக்காலத்தில், கயிறு கட்டி மேலே ஏற்றியிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் காற்று தூக்கி வீட்டுக்காரரின் கார் மேல் போட்டது. அன்றிலிருந்து அவர் போட்ட சட்டம்: மாடியில் உட்காரலாம், சிரிக்கலாம், துணி காயப்போடலாம். ஆனால் இருட்டினால் ஒரு துரும்புகூட அங்கே இருக்கக்கூடாது.

அதற்காகத்தான் அவள் கழற்றி மாட்டுகிற நாற்காலியை யோசித்தாள். இடித்த வீட்டின் கதவுகளை விற்கிற இடத்தில் பழைய தேக்குப் பலகை வாங்கினாள். சட்டைக்கு மாதிரி வெட்டுவதுபோல முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தாள். ஒரு நாற்காலிக்கு நான்கே துண்டு: பக்கச் சட்டம் இரண்டு, இருக்கை ஒன்று, சாய்வு ஒன்று. இருக்கையின் நான்கு மூலையிலும் நீண்டிருக்கும் நாக்குகள் பக்கச் சட்டத்தின் துளைக்குள் புகுந்து அந்தப்பக்கம் எட்டிப் பார்க்கும். அங்கே ஒரு ஆப்பைச் செருகி, மரச்சுத்தியலான கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. சாய்வு மேலிருந்து பள்ளத்தில் இறங்கி உட்காரும். ஆணி கிடையாது, பசை கிடையாது. கழற்றினால் எல்லாம் தட்டையாகி, குளியலறைக்கு மேலே இருக்கிற பரணுக்குள் போய்விடும்.

நாலு மாச ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின. ஆப்புகளை மட்டும் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் செதுக்கினாள். "மாஸ்டர் யாருக்கோ ஆப்பு ரெடி பண்றாங்க, எல்லாரும் ஒழுங்கா வேலையப் பாருங்கப்பா" என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். மொத்தம் பதினாறு.

இப்போது முதல் நாற்காலியின் ஆப்பைக் கொட்டாப்புளியால் தட்டினாள். அசையவில்லை. மறுபடி தட்டினாள். குனிந்து பார்த்தாள். நாக்கைச் சுற்றிக் கண்ணாடிபோல் பசை காய்ந்திருந்தது. அதற்கு மேல் இரண்டு ஆணித் தலைகள்.

"பாத்தியாம்மா, எப்படி நிக்குது!" தண்ணீர்த் தொட்டியின் நிழலிலிருந்து பெரியவர் எழுந்து வந்தார். கணவனின் அண்ணன். கட்டட கான்ட்ராக்டர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்து, "கலவை சரியில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

"என்ன மாமா பண்ணீங்க?"

"ஆடுச்சும்மா. உக்காந்தா லேசா ஆடுச்சு. அதான் பசைய விட்டு, மூலைக்கு ரெண்டு ஆணி இறக்கிட்டேன். இனி யானை உக்காந்தாலும் அசையாது."

"மழைல மரம் ஊதும் மாமா. அதுக்குத்தான் இடம் விட்டிருந்தேன். இத தினமும் கழட்டணும்."

"எதுக்குக் கழட்டணும்? நாற்காலி உக்காரத்தானேம்மா?"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மத்தியானம் முழுக்க வீட்டில்தான் இருப்பான். சுவர் ஓரமாக நின்று, விரல்களில் காய்ந்திருந்த எதையோ உரித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"இங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"புடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றான்.

பெரியவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர் செய்துவிட்டுப் போகிறார். இவனுக்குத் தெரியும். நாலு மாசம் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தத் துண்டுகளோடுதான் இவனும் தூங்கினான். உப்புத்தாள் தேய்த்த தூசிக்கு இவன்தான் தும்மினான். ஏன் ஆணி இல்லை, ஏன் இடம் விட்டிருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டான். எல்லாம் தெரிந்தவன், அண்ணன் ஆணி அடிக்க வாட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உனக்கு?"

பத்தொன்பது வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் திறப்பு வழியாகத் தலையை நீட்டினார். "மாஸ்டர், நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஒழுகாம பூச ஆள் வருது. போன வாரமே சொன்னேன். மாடி காலியா இருக்கணும்."

"அதுக்கென்ன, கயிறு கட்டி இறக்கிடுவோம்" என்றார் பெரியவர்.

"கயிறா? கீழ என் கார் நிக்குது. கயிறுங்கற பேச்சே எடுக்காதீங்க." தலை கீழே போய்விட்டது.

பெரியவர் ஒரு நாற்காலியைத் தூக்கித் திறப்பில் வைத்துப் பார்த்தார். நேராக, பக்கவாட்டில், தலைகீழாக. எப்படி வைத்தாலும் ஒரு சாண் இடித்தது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு கீழே போய் ரம்பத்தை எடுத்து வந்தாள்.

"மரத்து மேல கோவத்தக் காட்டாதம்மா."

"மரத்து மேல எனக்கு என்ன மாமா கோவம்?" குரல் பக்கத்து மாடி வரைக்கும் கேட்டது. "தெரியலன்னா ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"முப்பது வருஷமா கட்டடம் கட்டறவன், உன்னக் கேட்டுட்டுத்தான் ஒரு ஆணி அடிக்கணுமா?"

"ஆமா. கேக்கணும். நாற்காலி என்னுது."

பெரியவரின் முகம் சிவந்தது. "நல்லது செஞ்சதுக்கு நல்ல மரியாதை" என்று தம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார். கடைசிப் படி வரைக்கும் இரும்பு அதிர்ந்தது.

"வா, புடி" என்றாள் கணவனிடம். "அவருக்குப் புடிச்சல்ல?"

அவன் வந்து பிடித்தான். இருக்கையும் சட்டமும் சேருகிற இடத்தில் ரம்பத்தை வைத்தாள். முதல் நாக்கு அறுந்ததும் தூளை ஊதிவிட்டு அடுத்ததில் வைத்தாள். மூன்றாவதில் ரம்பம் ஆணியில் கிறீச்சிட்டு இரண்டு பல் உடைந்தது. அவள் திட்டினாள். ஆணியை, பசையை, அண்ணனை, தம்பியை, அந்தக் குடும்பத்துக்குப் பெண் கொடுக்காமல் தப்பித்தவர்களை. அவன் பிடியை விடவில்லை. பொழுது சாய்வதற்குள் பதினாறு நாக்கும் அறுந்தன. சாய்வுகளை நெம்பி எடுத்தார்கள். துண்டுகள் ஒவ்வொன்றாகத் திறப்பு வழியே இறங்கின.

மறுநாளே போன் வர ஆரம்பித்தது. முதலில் நாத்தனார்.

"அண்ணி, நாற்காலிய வெட்டிப் போட்டுட்டீங்களாமே? பெரியண்ணன் சாப்பிடக்கூட இல்லையாம்."

"நான் நல்லா சாப்பிட்டேன்."

"பெரியவங்க ஆசையா செஞ்சது. கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போகக்கூடாதா?"

"உன் ரவிக்கைல கொக்கியெல்லாம் பிச்சுட்டு, ஆசையா முழுசும் சேத்துத் தெச்சுத் தரேன். போட்டுட்டுக் கழட்டாம இருப்பியா?"

நாத்தனார் வைத்துவிட்டாள். அடுத்து வந்த இரண்டு போன்களை மாஸ்டர் எடுக்கவே இல்லை.

கணவனோடு மூன்று நாள் பேச்சு இல்லை. நாலாம் நாள் சாயங்காலம் அவன் அடுப்படி வாசலில் வந்து நின்று, அவள் காதுபடவே அண்ணனைக் கூப்பிட்டான். அதற்கு முன் இரண்டு தடவை போனைச் சட்டைப்பையில் போட்டு எடுத்ததை அவள் பார்த்தாள். ஐம்பதை நெருங்குகிற மனுஷன், அண்ணனிடம் பேச இப்படிப் பயப்படுகிறானே என்று அதற்கும் கோபம் வந்தது.

"அண்ணே, அன்னிக்கு நான் தடுத்திருக்கணும். அது கழட்டி மாட்டறதுன்னு எனக்குத் தெரியும். நீங்க சத்தம் போடுவீங்கன்னு சும்மா இருந்துட்டேன்."

அந்தப்பக்கம் சத்தம் இவள்வரை கேட்டது. "அவ எழுதிக் குடுத்துப் பேசறியா?"

"இல்லண்ணே. நானாத்தான் பேசறேன். அவகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசிடுங்க. அது அவ நாலு மாச உழைப்பு."

இணைப்பு அறுந்தது. அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"முதல் ஆணிக்கே சொல்லியிருக்கணும்" என்றாள் அவள்.

"ஆமா."

அந்த 'ஆமா'வோடு ஒரு 'ஆனா' வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துண்டுகளைத் தரையில் பரப்பிக் கணக்குப் போட்டாள். புது நாக்கு வெட்ட வேண்டுமென்றால் இருக்கையிலிருந்தே மரம் எடுக்க வேண்டும். சம்மணம் போட்டு உட்காரத் தோதாக அகலம் வைத்திருந்தாள். இனி காலைத் தொங்கப் போட்டுத்தான் உட்கார முடியும். ஒரு ஜோடிச் சட்டம் ஆணி பிடுங்கும்போதே பிளந்துவிட்டது. ஆக, நான்கு மூன்றாகும். பெரியவர் இன்னும் போன் செய்யவில்லை. செய்தாலும் என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை.

கணவன் குறடும் உளியுமாக உட்கார்ந்து, துளைகளில் சிக்கிக் கிடந்த மரத்தையும் ஆணியையும் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த வேலை வரவில்லை. ஒரு துளையின் விளிம்பைச் சிதைத்துவிட்டான்.

"உளிய நேரா வைங்க. மரம் பாவம்."

சரி என்று நேராக வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"இன்னும் கோவமா?"

"ஆமா" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த ஆணியைத் தேடினான்.