ஒன்பதாம் படி வழக்கு

இனி நான் எழுதப்போவது அத்தனையும் உண்மை. ஒரு புள்ளிகூட நானாகச் சேர்க்கவில்லை. இதே விஷயத்துக்காகக் கோர்ட்டுக் கூண்டில் ஏறி, "நான் சொல்வதெல்லாம் உண்மை" என்று மூன்று முறை சத்தியம் செய்திருக்கிறேன். மூன்று முறையும் யாரும் சிரிக்கவில்லை. நான்காம் முறையாக இங்கேயும் அதைச் செய்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

நான் பல் செட் கட்டுகிறவன். முப்பத்தெட்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. மாடியில் முன்னறை பட்டறை, பின்னறைகள் குடித்தனம். பட்டறையில் மெழுகு, பிளாஸ்டர் மாவு, சின்னச் சின்ன அரங்கள். ஜன்னல் ஓரத்தில் ஊரார் வாய்களின் அச்சுகள் வரிசையாக இருக்கும். காலையில் திரையை விலக்கினால் நாற்பது வாய்கள் என்னைப் பார்த்து ஆளில்லாமல் சிரிக்கும்.

தெருவிலிருந்து மாடிக்குப் பதினாறு படி. வீடு கட்டும்போது எட்டுப் படி வரைக்கும் ஒரே கனத்தில் கல் பதித்துக்கொண்டு வந்த கொத்தனார், ஒன்பதாவதுக்குக் கல் போதாமல், எங்கோ மூலையில் கிடந்த ஒரு தடித்த கல்லை வைத்துப் பூசிவிட்டார். அதனால் ஒன்பதாம் படி மட்டும் இரண்டு விரல் உயரம். எங்கள் வீட்டில் யாரும் அதில் தடுக்கியதில்லை. ஒன்பதாவது வந்தால் கால் தானாகக் கொஞ்சம் கூடுதலாக எழும்பும். என் மனைவி பாங்குக்குப் போனாலும் அங்கே ஒன்பதாம் படியில் குதிரை மாதிரிக் காலைத் தூக்குவாள். வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன், லிஃப்ட் எட்டாவது மாடியைத் தாண்டும்போது முழங்காலைத் தூக்குகிறான் என்று அவனுடைய மேலதிகாரி எனக்குக் கடிதமே போட்டிருக்கிறார்.

இப்படி நிம்மதியாக இருந்த வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் வந்தார். கடைவாய்ப் பல் கட்ட வேண்டுமாம். எட்டுப் படி ஒழுங்காக ஏறினார். ஒன்பதாவதில் கட்டைவிரல் இடித்தது. மோவாய் பதினோராம் படியில் இறங்கியது. முன்பல் இரண்டும் போய்விட்டன.

வேறு யாராக இருந்தாலும் முதலில் அலறியிருப்பார்கள். இவர் குப்புறக் கிடந்தபடியே சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

"யாரும் படியைத் தொடாதீங்க! மத்ததெல்லாம் பதினேழு சென்டிமீட்டர். இது இருபத்தொண்ணு!"

"ஐயா, ரத்தம் வருதுங்க."

"ரத்தம் அது பாட்டுக்கு வரட்டும். நீங்க எழுதிக்குங்க, இருபத்தொண்ணு!"

நான் இரண்டு பற்களையும் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தொழில் புத்தி சும்மா இருக்குமா? "இதே நிறத்துல எங்கிட்ட ரெடியா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். வக்கீல் நோட்டீசில் முதல் பத்தியே அந்த வாக்கியம்தான்.

நோட்டீசில் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, தன் கட்டடத்துக்கு வருகிறவர்களின் கை கால்களுக்குக் கட்டடச் சொந்தக்காரரே பொறுப்பு என்பதை நான் மறந்தது. இரண்டாவது, பல் கட்டுகிற நான், பல்லை உடைக்கும் படி ஒன்றைத் 'தொழில் விருத்தி நோக்கத்துடன்' கடைக்குக் கீழேயே பராமரித்து வருவது. ஆகவே படிக்கட்டுக்குச் சீல் வைக்க வேண்டும்.

மாடிக்கு வேறு வழி கிடையாது. சீல் வைத்தால் பட்டறையும் போச்சு, குடித்தனமும் போச்சு. என் மனைவியின் அண்ணன் வக்கீல். நோட்டீசைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"மாப்ளே, சட்டம் ரொம்ப சிம்பிள்" என்றார். "ஆள் உன் படியில விழுந்தா உன் பொறுப்பு. உன் படி ஆள் மேல விழுந்தாலும் உன் பொறுப்பு."

"நான் அந்த ஆளைக் கூப்பிடவே இல்லையே, மச்சான்."

"கீழே போர்டுல என்ன எழுதியிருக்கே?"

"'பல் செட் கட்டப்படும். மேலே வரவும்.'"

"அதான் அழைப்பு. அம்புக்குறி வேற போட்டிருக்கே. பேசாம படியைச் சரி பண்ணிடு, கேஸ் தானா படுத்துக்கும்."

கொத்தனாரைக் கூப்பிட்டு, தடித்த கல்லைப் பெயர்த்து, மற்றவை போலவே ஒரு கல்லைப் பதித்தோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் தூங்கவில்லை.

காலை ஆறரைக்குப் பால்காரர் விழுந்தார். இருபது வருஷமாக அந்தப் படியில் ஏறுகிறவர். வழக்கம்போல உயரத் தூக்கிய கால், அங்கே இல்லாத இரண்டு விரலைத் தேடிக் காற்றை மிதித்தது. ஏழரைக்குப் பேப்பர்காரர். ஒன்பது மணிக்கு கேஸ் சிலிண்டர்காரர். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், சிலிண்டர் உட்காரவில்லை. எட்டுப் படியும் உருண்டு, தெருவைக் கடந்து, எதிர் சலூனுக்குள் போய்க் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. சலூன்காரர் பழக்கதோஷத்தில் அதற்குத் துண்டைப் போர்த்திவிட்டார்.

பதினோரு மணிக்கு என் மனைவி விழுந்தாள்.

மாலைக்குள் நான்கு நோட்டீஸ் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கை: பழைய படியைத் திரும்பப் போடு, இல்லாவிட்டால் படிக்கட்டை மூடு. நான்காவது நோட்டீசில் என் மனைவியின் கையெழுத்து; அனுப்பிய வக்கீல் என் மச்சான்.

"மச்சான், நீங்க எனக்கு வக்கீலா, அவளுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். ஒரே குடும்பம், இதுல என்ன பிரிச்சுப் பார்க்கறது?"

"அவ எப்படிக் கேஸ் போடலாம்? வெளியிலேர்ந்து வர்றவங்களுக்குத்தானே நான் பொறுப்பு? அவ வீட்டுக்காரி."

சமையலறையிலிருந்து கட்டுப் போட்ட காலோடு அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். "'இது என் வீடு, இஷ்டம்னா இரு, இல்லேன்னா உங்க அண்ணன் வீட்டுக்குப் போ'ன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க?"

"கோபத்துல ஒரு தடவை…"

"நூத்துப் பன்னெண்டு தடவை. தேதி வேணுமா?"

மச்சான் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். "முடிஞ்சுது மாப்ளே. அவ உன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிற விருந்தாளின்னு நீயே ஒப்புத்துக்கிட்டே. முப்பத்தஞ்சு வருஷமா விழாம இருந்த விருந்தாளி."

வழக்குகள் எல்லாம் ஒன்றாக விசாரணைக்கு வந்தன. மச்சான் எனக்காக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். எழுந்து நாலு அடி நடந்து என் மனைவிக்கான நாற்காலியில் உட்கார்ந்து அதற்கு ஆட்சேபம் தெரிவிப்பார். ஒரு நாள் தன் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லத் தனக்கே அவகாசம் போதவில்லை என்று வாய்தா கேட்டார். நீதிபதி கொடுத்தார். அவர் நல்ல மனிதர். எந்த வழக்கையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர்.

நிறையப் படித்துவிட்டு அவர் இடைக்கால உத்தரவு போட்டார். ஒன்பதாம் படியில் இடது பாதி பழைய உயரம், வலது பாதி புது உயரம். பழகியவர்கள் இடது பக்கம் ஏற வேண்டும், புதியவர்கள் வலது பக்கம். யார் பழகியவர், யார் புதியவர் என்று தீர்மானிப்பது சொந்தக்காரரின் பொறுப்பு. இனி ஒரே ஒருவர் விழுந்தாலும் படிக்கட்டுக்குச் சீல்.

அன்றிலிருந்து நான் பட்டறையில் உட்காரவில்லை. முதல் படிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் எனக்கு யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மனிதன் செய்யக்கூடாத வேலை அது. பத்து வருஷத்துக்கு முன் பல் கட்டிக்கொண்டு போனவர் என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வருவார். எல்லாம் நான் கட்டிய பல். அவரிடம் போய் "நீங்க புதுசு, வலது பக்கம் போங்க" என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். பல்லைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த நேரம் பார்த்து என் சித்தி வந்தாள். ஏதோ மனஸ்தாபத்தில் பதினோரு வருஷமாக எங்கள் வீட்டுப் பக்கமே வராதவள்.

"வாங்க சித்தி. வலது பக்கமா ஏறுங்க."

"வலது பக்கம் யாருக்கு?"

"புதுசா வர்றவங்களுக்கு."

"நான் புதுசாடா உனக்கு? உன் மூக்கைத் துடைச்சுவிட்ட கைடா இது!"

"சரி, இடது பக்கம் வாங்க. ஒன்பதாவதுல மட்டும் காலைக் கொஞ்சம் கூடத் தூக்குங்க."

"எழுபத்தாறு வயசுல என்னைக் காலைத் தூக்கச் சொல்றே. விழுந்து தொலையட்டும்னுதானே?"

எட்டாம் படி வரை ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இடமா வலமா என்று நான் மரியாதையாகச் சொல்லும்வரை நகர மாட்டாளாம். மூன்று வேளையும் என் மனைவி மேலிருந்து குனிந்து அவளுக்குச் சாப்பாட்டை நீட்டினாள். இருவருக்கும் நன்றாகப் பொழுது போயிற்று. பேசுவதற்கு விஷயமாக நான் இருந்தேன்.

உத்தரவு சரியாக நடக்கிறதா என்று கண்காணிக்க நில அளவையர் தினமும் வருவார். ஏறுவார், இரண்டு பாதியையும் அளப்பார், இறங்குவார். கோர்ட்டுத் தாள்களின்படி அவர் புதியவர். ஒரு நாள்கூடத் தவறாமல் வலது பக்கம்தான் ஏறினார். ஆனால் இத்தனை மாதம் அந்தப் படியையே நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கால் எத்தனை நாள் புதிதாக இருக்கும்? ஒரு வெள்ளிக்கிழமை, வலது பாதியில், அவர் கால் தானாக இரண்டு விரல் கூடுதலாக எழும்பியது.

மூன்றாவது பல் சித்தியின் மடியில் விழுந்தது.

அளவையர் கிடந்தபடியே நாடாவை எடுத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். "பதினேழு" என்றார், அழுகிற குரலில். "பதினேழு சரியாத்தானே இருக்கு. அப்ப நான் ஏன் விழுந்தேன்?"

சித்தி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "நீயும் எங்க வீட்டு ஆளாயிட்டேப்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் விழுந்தாயிற்று, உத்தரவுப்படி சீல். மறுநாளே கோர்ட்டு அமீனா பூட்டும் அரக்கும் கொண்டுவந்து முதல் படியில் வைத்தார். மேலே ஜன்னலில் நாற்பது வாய்களும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. மச்சான் ஓடிப்போய், நீதிபதி நேரில் வந்து பார்க்காமல் பூட்டக்கூடாது என்று ஒரு மனுவைப் போட்டார். பிறகு நாற்காலி மாறி உட்கார்ந்து, தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய தொழில் வாழ்க்கையில் அதுதான் உச்சம்.

நீதிபதி வந்தார். பின்னால் எழுத்தர், அளவையர், அமீனா.

"நான் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. நான் புதியவன்" என்று சொல்லி வலது பக்கம் ஏறத் தொடங்கினார். நான் ஒவ்வொரு படியாக மனசுக்குள் எண்ணினேன். எட்டாம் படியில் சித்திக்குப் பக்கத்தில் நின்றார். காலைத் தூக்கினார்.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

அவர் முகத்தைப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. பதினான்கு மாதம் ஒன்பதாம் படியைப் பற்றி வரி விடாமல் படித்தவர். வந்ததில்லைதான், ஆனால் அவர் காலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. புதியவரைப் போல வைத்தாலும் தப்பு, பழகியவரைப் போல வைத்தாலும் தப்பு. அவர் விழுந்தால் என் படிக்கட்டு போச்சு. ஒரு நீதிபதியை விழவைத்தவன் என்ற பெயர் வேறு.

"காலைக் கீழே வைப்பா, குறுக்கு பிடிச்சுக்கும்" என்றாள் சித்தி.

"எங்கே வைக்கிறதுன்னுதாம்மா யோசிக்கிறேன்" என்றார் நீதிபதி. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி, "எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் எழுத்தரிடம்.

தீர்ப்பு வருமாறு. உயரமாக இருந்தாலும் விழுகிறார்கள், சரியாக இருந்தாலும் விழுகிறார்கள். ஆகவே குற்றம் உயரத்தில் இல்லை, படி இருப்பதில்தான் இருக்கிறது. இல்லாத படியில் யாரும் விழ முடியாது. ஒன்பதாம் படியை அடியோடு எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு அங்கே இருப்பது வெறும் இடைவெளி. இடைவெளிக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது, பொறுப்பும் கிடையாது. படிக்கட்டு திறந்தே இருக்கலாம்.

அமீனா பூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நீதிபதியை நானும் எழுத்தருமாக இடுப்பைப் பிடித்து, தூக்கிய கால் தூக்கியபடியே, கீழே இறக்கி அனுப்பிவைத்தோம்.

கொத்தனார் வந்து படியை எடுத்தார். நடுவில் ஒரு ஓட்டை. எட்டாவதிலிருந்து பத்தாவதுக்கு எல்லோரும் நின்று பார்த்துத் தாண்டுகிறார்கள். பழகியவர் என்றும் புதியவர் என்றும் யாருமில்லை; ஒருவரும் விழவில்லை. சித்தி முதல் ஆளாகத் தாண்டி மேலே வந்து, இன்னும் போகவில்லை. என் மனைவி வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு, தான் விருந்தாளி என்பதை மட்டும் வாபஸ் வாங்காமல், சமையலை என்னிடம் விட்டுவிட்டாள்.

அளவையர் கடைசியாக ஒரு நாள் வந்தார். நாடாவை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார், எழுத எதுவுமில்லை. பிறகு தாண்டி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பேச வாயைத் திறந்ததும் மெழுகை வைத்து அச்செடுத்துவிட்டேன். கடைவாய்ப் பல்லோடு முன்பல் மூன்றும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தேன். மிக அழகாக அமைந்தன.

கடைசியாக இன்னொரு உண்மை: நான் குடியிருக்கும் வீட்டுக்கு என்றைக்குமே மாடி கிடையாது.