ஒரு குழியில் மட்டும் வெளிச்சம்

திரையில் வரிசை வரிசையாக மங்கிக் கிடந்த பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் கண் கூசும்படி ஒளிர்ந்தபோது, ஆய்வகமே ரிட்ஜுவானின் முதுகில் தட்டியது. அவனோடு வேலை செய்யும் சியூ மின் என்பவளும் தட்டினாள். தட்டிய கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

ஈஸ்ட்டின் ஜீன்களை முடுக்கும் டிஎன்ஏ சுவிட்சுகளை எழுத்தெழுத்தாக மாற்றி ஆயிரக்கணக்கில் செய்வது, ஒவ்வொன்றையும் குழிகள் நிறைந்த பிளேட்டின் ஒரு சின்னக் குழியில் வளர்ப்பது, சுவிட்சு பலமானால் ஈஸ்ட் அதிகம் ஒளிரும் என்பதால் எது அதிகம் ஒளிர்கிறது என்று இயந்திரத்தை விட்டு அளப்பது. இதுதான் அவர்கள் இருவருடைய வேலை. இதுவரை எதுவும் தேறவில்லை. பிரிவையே மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த வாரத்தில்தான் இவனுடைய பிளேட்டில் இப்படி ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பழைய, பலமான ஈஸ்ட்டில் ஒரு சொட்டை அந்தக் குழியில் விட்டாலும் இப்படித்தான் ஒளிரும். அது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அதன்பிறகு அவன் சீக்கிரம் வந்தால் ஏன் வந்தான் என்று தோன்றியது. சிரித்தால் எதற்கு என்று தோன்றியது. கேன்டீனில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து மீ சியாம் நூடுல்ஸ் சாப்பிடுவதை, வேலை இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். எம்ஆர்டி ரயிலில் வேறு பெட்டியில் ஏறினாள். வெள்ளிக்கிழமை அவன் தொழுகைக்குப் போன நேரத்தில், அந்த ஈஸ்ட்டை அவன் சேமித்து உறைபெட்டியில் வைத்திருந்த குழாயிலிருந்து கொஞ்சம் சுரண்டி, டிஎன்ஏவைப் படித்துச் சொல்லும் இடத்துக்கு அனுப்பினாள்.

பதில் ஆய்வகத்தின் பொது மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது. முதலில் திறந்தவன் அவன்தான். திரையை அவள் பக்கம் திருப்பினான். புது சுவிட்சுதான். பழைய ஈஸ்ட்டின் சாயலே இல்லை.

"எங்கிட்டயே கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா இல்லைன்னுதான் சொல்லியிருப்ப. எனக்குச் சந்தேகம் போயிருக்காது."

"இப்பப் போயிடுச்சா?"

போய்விட்டது என்றாள். சொல்வதற்கு முன் அவள் தயங்கியதை அவன் கவனித்தான். குழாயில் இருப்பதும் அன்று குழியில் ஒளிர்ந்ததும் ஒன்றுதானா என்று அவளுக்குள் அப்போதும் ஏதோ அரித்துக்கொண்டிருந்தது.

"வா, சோதனைய மறுபடி ஓட்டலாம்," என்றான். "எல்லாத்தையும் நீயே ஊத்து. நான் எதையும் தொடல."

அவள் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம் என்று கையுறையை மாட்டும்போது நினைத்தாள். அவள் ஊற்றி வைத்ததைக் குழிகளில் சொட்டுச் சொட்டாக விடும் இயந்திரத்தின் ஊசிகள் புதிய பிளேட்டை நோக்கி இறங்கின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிட்ஜுவான் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, பிளேட்டைப் பார்க்காமல் அவளையே பார்த்தபடி நின்றான்.